பள்ளி, பூசை, மறுபிறப்பு: பௌத்த–கிறித்தவ ஒப்பீடுகளின் சொல்லடிப்படை குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

பௌத்தத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு நோக்கும் முயற்சி தமிழில் புதியதன்று. துறவோர் கூட்டம், அறவுரை, அன்பு, நோன்பு, விளக்கேற்றல், மாலை உருட்டல், திருப்பண்டங்களைப் போற்றல் எனப் பொதுக்கூறுகளை வரிசைப்படுத்தி, இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை என்று காட்டுவோர் உளர். கடவுள், ஆன்மா, படைப்பு ஆகியவற்றைக் கொண்டு, இரண்டும் முற்றிலும் வேறு என்று நிறுவுவோரும் உளர். இவ்விரு திறத்தாரும் தம் ஒப்பீட்டைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிகழ்த்துகின்றனர். ஆயினும் அச்சொற்கள் எவ்வாறு வந்தன, எந்தச் சமயத்தின் வழியே இன்றைய பொருளைப் பெற்றன என்பதை அவர்கள் போதிய அளவு ஆராய்வதில்லை. சொல் ஒன்றாக இருப்பதைக் கொண்டு பொருளும் ஒன்று எனக் கொள்வதும், சொல் வேறாக இருப்பதைக் கொண்டு அமைப்பும் வேறு எனக் கொள்வதும் இவ்வகை ஒப்பீடுகளில் மிகுதியாகக் காணப்படும் குறைகள்.

இக்குறையைச் சோதித்தறிய ஏற்ற களமாகப் பாலக்காடு, இடுக்கி ஆகிய கேரள மாவட்டங்களின் எல்லைப் பகுதிகள் அமைகின்றன. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த சித்தூர்ப் பகுதி கொச்சி அரசின்கீழ் இருந்தது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகியவை திருவிதாங்கூரின் பகுதிகளாயிருந்து, 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது கேரளத்தோடு நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலை உரிமை பெறப்பட்டபின் உருவான தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் சென்றனர். இவ்வாறு இரு பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் ஒரே சந்தையிலும் ஒரே வழிபாட்டிடத்திலும் அருகருகே வழங்குகின்றன. இரு மொழிகளுக்கும் பொதுவான சமயச் சொல் ஒன்று இரு வேறு பொருளில் ஒரே நாளில் ஒரே செவியில் விழும் இடம் இது. ஆகவே சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான இடைவெளி இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

2. ஒருவரே எழுதிய இரு நூல்கள்

தமிழில் இத்துறையின் அடிப்படை நூல்கள் இரண்டையும் ஒருவரே எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. மயிலை சீனி. வேங்கடசாமி 1936இல் 'கிறித்தவமும் தமிழும்' என்ற நூலையும், 1940இல் 'பௌத்தமும் தமிழும்' என்ற நூலையும் வெளியிட்டார். முன்னது அச்சு, உரைநடை, அகராதி, ஐரோப்பியத் தமிழறிஞர் ஆகியவற்றைப் பற்றியது. பின்னது சமயப் பரவல், திருப்பதிகள், புலவர், நூல்கள், தமிழில் கலந்த பாலிச் சொற்கள் ஆகியவற்றைப் பற்றியது. பரந்த சான்றுகளைத் திரட்டி, காழ்ப்பின்றி எழுதிய இவ்விரு நூல்களுக்கும் தமிழுலகம் கடன்பட்டுள்ளது.

எனினும், ஒரு நூலில் பௌத்தம் பழம்பொருளாகவும் மற்றொன்றில் கிறித்தவம் நவீன மொழிப் பணியாகவும் நிற்பதால், இரண்டும் தமிழின் ஒரே சொற்களஞ்சியத்தில் கைவைத்தவை என்பது இரு நூல்களையும் சேர்த்து வாசிப்பவருக்கே தோன்றும். பௌத்தம் தமிழுக்குத் தந்த சொற்கள் ஒரு பட்டியலாகவும், கிறித்தவர் தமிழில் ஆக்கிய நூல்கள் மற்றொரு பட்டியலாகவும் நிற்கின்றன. முன்னதன் சொல்லைப் பின்னது எடுத்தாண்டபோது என்ன நேர்ந்தது என்ற வினா எழுப்பப்படவில்லை. பின்வந்த ஒப்பீட்டாளர்கள் பலரும் இந்த இடைவெளியை அப்படியே விட்டுவைத்தனர். இக்கட்டுரை அவ்வினாவைச் சில சொற்களின் அளவில் எழுப்புகிறது.

3. பள்ளி: ஒரே சொல், ஒரே இடம்?

கேரளத்தில் கிறித்தவ வழிபாட்டிடம் 'பள்ளி' எனப்படுகிறது, மசூதியும் அவ்வாறே. மூணாற்றிலும் கொழிஞ்ஞாம்பாறையிலும் தமிழ்க் கத்தோலிக்கர் அதனைக் 'கோயில்' என்கின்றனர். தென்தமிழ் மாவட்டங்களில் 'வேதக்கோயில்' என்ற வழக்கும் உண்டு. தமிழருக்குப் 'பள்ளி' என்பது கல்வி நிலையம். தமிழில் 'பள்ளிவாசல்' என்றால் மசூதி. மூணாற்றின் அருகிலோ 'பள்ளிவாசல்' என்பது 1940இல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊரின் பெயர்.

இச்சொல் பழந்தமிழில் பௌத்த, சமணத் துறவியர் இருக்கையையும் வழிபாட்டிடத்தையும் குறித்தது. மாங்குளம் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் சமண முனிவர் உறைவிடத்துக்கு இதன் பழைய வடிவம் வழங்குகிறது. இதனைக் கொண்டு, கேரளத்தில் பௌத்தப் பள்ளிகளே பின்னர்க் கிறித்தவப் பள்ளிகள் ஆயின என்றும், பெயர் ஒற்றுமையே அதற்குச் சான்று என்றும் கூறும் கருத்து பரவலாக உள்ளது. இது ஆராயத்தக்கது.

கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்தில் மருவான் சபீர் ஈசோ எழுப்பிய கிறித்தவ வழிபாட்டிடத்தைப் 'பள்ளி' என்றே குறிக்கிறது. இதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பின்னர், முதலாம் இராசராசன் காலத்தில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் 'பள்ளிச்சந்தமாக' அளிக்கப்பட்டதை இலெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. ஆகவே கிறித்தவருடையது பள்ளி எனப்பட்ட காலத்திலும், அதற்குப் பின்னும், பௌத்தருடையதும் பள்ளி என்றே வழங்கியது. ஒன்று மறைந்து மற்றொன்று அதன் பெயரை ஏற்றது என்று கொள்ள வேண்டிய தேவை இல்லை. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே வகையில் அடங்கின என்பதே சான்றுகளால் பெறப்படுவது.

அவ்வகை யாது? சோழர் ஆவணங்களில் கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம். பிராமணர்க்கு விட்டது பிரமதேயம். பௌத்த, சமண நிறுவனங்களுக்கு விட்டது பள்ளிச்சந்தம். இது வழிபாட்டின் உள்ளடக்கத்தைப் பற்றிய பகுப்பன்று. நிலவுரிமையையும் வரியையும் பற்றிய பகுப்பு. வைதிக, ஆகம நெறிக்குப் புறம்பான சமயத்தாரின் நிறுவனம் என்பதே பள்ளி என்னும் சொல்லின் பொதுப்பொருள். குண்டர்ட்டின் 1872ஆம் ஆண்டு மலையாள அகராதியும், பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் பௌத்தர்க்கும் அயலார்க்கும் உரிய வழிபாட்டிடம் என்ற பொருளைச் சேர்த்தே தருகின்றன. யூதருடைய வழிபாட்டிடமும் கேரளத்தில் பள்ளியே. எனவே பள்ளி என்ற சொல், வழிபடுவோர் யாரை வணங்கினர் என்பதைத் தெரிவிப்பதில்லை. அவர்களை நாட்டின் ஆட்சி எவ்வாறு வகைப்படுத்தியது என்பதையே தெரிவிக்கிறது.

இங்கு மேலும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, பள்ளி என்பது சிற்றூர், குடியிருப்பு என்ற பொருளிலும் திராவிட மொழிகளில் வழங்குவது. கன்னடத்தின் 'ஹள்ளி' இதன் திரிபே. ஆதலால் பள்ளி என முடியும் ஊர்ப்பெயர் எல்லாம் பௌத்தத் தடயம் ஆகா. மற்றொன்று, படுக்கை, உறக்கம் என்ற பொருளிலிருந்து அரசர்க்குரிய சிறப்புச் சொல்லாகவும் அது மலையாளத்தில் வளர்ந்தது. கேரளக் கோயில் விழாவில் நிகழும் 'பள்ளிவேட்டை' அரசவேட்டையே. அதில் பௌத்தம் தேடுவது சொல்லின் ஒரு கிளையை மற்றொரு கிளையோடு குழப்புவதாகும்.

4. பாலி, பாலை, சமணர்

பாலக்காடு என்ற பெயரைப் பௌத்தரின் பாலி மொழியோடு இணைக்கும் கருத்து ஒன்றும் உள்ளது. 'பாலை' மரமும் 'காடு' என்ற நிலச்சொல்லும் சேர்ந்த இயல்பான தமிழ்–மலையாளத் தொகை கண்முன் இருக்க, மொழியின் பெயரால் ஓர் ஊர் அமைந்தது எனக் கொள்வதற்கு இணைச்சான்று வேண்டும். தென்னிந்திய ஊர்ப்பெயர் மரபில் மரப்பெயரோடு காடு சேர்வது இயல்பு. சமய நூல் மொழியின் பெயரோடு காடு சேர்வது அன்று.

பாலக்காட்டில் இன்றும் காணக்கிடைக்கும் பழஞ்சமயச் சின்னம் ஜைனமேட்டுச் சமணக் கோயிலே. குமாரன் ஆசான் 1907இல் 'வீணபூவு' என்ற கவிதையை அப்பகுதியில் தங்கியிருந்தபோது எழுதினார் என்பது அதன் இலக்கியப் புகழ். இச்சின்னத்தைப் பௌத்தத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் 'சமணர்' என்ற சொல்லின் வரலாற்றை நினைவில் கொள்ளவேண்டும். 'ச்ரமண' என்ற வடசொல் பாலியில் 'சமண' ஆகி, பௌத்தத் துறவியையும் பிற துறவியரையும் பொதுவாகக் குறித்தது. தமிழிலோ அது அமணர், சமணர் என அருக சமயத்தார்க்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கிற்று. பழைய பொதுப்பொருளை இன்றைய பெயர்மீது ஏற்றினால் சமணச் சின்னமெல்லாம் பௌத்தச் சின்னமாகிவிடும். இத்தகைய அடிப்படையில் கட்டப்படும் பௌத்த–கிறித்தவ ஒப்பீடு முதற்படியிலேயே தடுமாறுகிறது.

5. பூசை, செபம், பிரித்: ஒரே சொல், வேறு செயல்

வழிபாட்டுச் செயலைக் குறிக்கும் சொற்களில் நிலைமை மேலும் சிக்கலானது. தமிழ்க் கத்தோலிக்கர் நற்கருணை வழிபாட்டை நெடுங்காலம் 'பூசை' என்றனர். பின்னர்த் 'திருப்பலி' என்ற சொல் எழுத்து வழக்கில் நிலைபெற்றது. சிரியன் மரபைச் சார்ந்த மலையாளிகள் அதனைச் சிரியச் சொல்லால் 'குர்பான' என்கின்றனர். இடுக்கி மாவட்டத்தில் மலையாளிகளின் சீரோ மலபார் மறைமாவட்டமும், 1930இல் நிறுவப்பட்ட விஜயபுரம் இலத்தீன் மறைமாவட்டத்தைச் சார்ந்த தமிழ்ப் பங்குகளும் அருகருகே உள்ளன. பாலக்காட்டில் 1974இல் அமைந்த சீரோ மலபார் மறைமாவட்டத்தோடு, 2013இல் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரிந்த சுல்தான்பேட்டை இலத்தீன் மறைமாவட்டமும் உள்ளது. ஆதலின் ஒரே கிறித்தவ வழிபாடு ஒரே ஊரில் பூசை எனவும் குர்பான எனவும் பெயர் பெறுகிறது. சொல் இரண்டு, செயல் ஒன்று.

இதற்கு மறுதலையாக, இலங்கைத் தமிழில் 'புத்த பூசை' என்று வழங்குகிறது. புத்தர் சிலைமுன் மலரும் விளக்கும் உணவும் படைத்தலைக் குறிப்பது அது. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கும் பூசையே. சொல் ஒன்று, செயலோ இரண்டு. பௌத்தப் பூசையில் படைப்பவர் பெறுவது படைத்த செயலால் விளையும் நல்வினை, ஏற்பவரின் அருளன்று. மலர் வாடுவதைக் கண்டு நிலையாமையை எண்ணுதலும் அதன் ஒரு பகுதி. கத்தோலிக்கப் பூசையோ ஒருமுறை நிகழ்ந்த பலியை நினைவுகூர்ந்து, அதில் பங்குபெறும் செயல். அதற்கு ஏற்பவரும் உண்டு, தருபவரும் உண்டு. 'இரு சமயத்தாரும் பூசை செய்கின்றனர்' என்ற தொடர் இலக்கணப்படி பிழையற்றது. ஒப்பீடாக அது எதனையும் நிறுவுவதில்லை.

'செபம்' அல்லது 'ஜெபம்' என்பதும் இத்தகையதே. 'ஜப' என்ற வடசொல் மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றலைக் குறித்தது. கிறித்தவத் தமிழில் அது கேட்போன் ஒருவனை நோக்கிய வேண்டுதல் என்ற பொருளைப் பெற்று, இன்று பொதுத்தமிழிலும் அப்பொருளே மேலோங்கி நிற்கிறது. பௌத்தத்தின் 'பரித்த' ஓதுதலைச் செபம் என மொழிபெயர்ப்பவர், அதில் இல்லாத கேட்போன் ஒருவனை அறியாமலே நுழைத்துவிடுகிறார். இலங்கைத் தமிழ் வழக்கு இதனைப் 'பிரித் ஓதுதல்' என்று வைத்திருப்பது தக்கதே. அதுபோன்றே 'விகாரை' என்ற இலங்கை வடிவமும் தமிழகத்தின் 'விகாரம்' என்பதினும் ஏற்றது. தமிழ் எழுத்தில் ககரமும் ஹகாரமும் ஒன்றாதலால், துறவியர் உறைவிடமும் உருக்கேடும் 'விகாரம்' என்ற ஒரே வடிவில் மயங்குகின்றன. ஈற்று வேறுபாடு அம்மயக்கத்தை நீக்குகிறது.

6. ஆராதனையும் வணக்கமும்: வேறு சொல், ஒத்த அமைப்பு

சொல் வேறாக இருந்தும் அமைப்பில் ஒற்றுமை காணப்படும் இடமும் உண்டு. ஒப்பீட்டாளர் பெரும்பாலும் தவறவிடுவது இதனையே. இதற்கு இடுக்கி எல்லையின் மங்கலதேவி கோயில் நல்ல தொடக்கம். குமுளியை அடுத்த மலைமேல் ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவில், தமிழகத்தினின்றும் கேரளத்தினின்றும் மக்கள் ஏறிச்சென்று வழிபடும் கண்ணகி கோயில் அது. சிலப்பதிகாரம் கூறும் குன்றம் இதுவே எனக் கருதுவோர் உளர். அக்காப்பியம் சேரன் எடுத்த பத்தினிக் கோட்டத்தில் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்ததாகக் கூறுகிறது. இலங்கையில் பத்தினித் தெய்வம் இன்றும் சிங்கள பௌத்தரால் வழிபடப்படுகிறது. கண்டியின் எசல பெரகராவில் இடம்பெறும் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினிக்குரியது.

அங்கு வழிபாடு இரு நிலைகளில் இயங்குகிறது. புத்தர்க்குரியது போற்றுதல், அவரிடம் நோய் நீக்கமோ மழையோ வேண்டுவதில்லை. பத்தினி முதலிய தெய்வங்களிடம் அவை வேண்டப்படுகின்றன. கத்தோலிக்க மரபிலும் இரு நிலைகள் உள்ளன: இறைவனுக்கு மட்டும் உரியது ஆராதனை, புனிதர்க்கும் மரியன்னைக்கும் உரியது வணக்கம். வேளாங்கண்ணிக்கோ ஊர்ப் புனிதரின் கொடியேற்றத்துக்கோ செல்லும் தோட்டத் தொழிலாளியின் நேர்த்திக்கடன் இரண்டாம் நிலையைச் சார்ந்தது. உச்சநிலையில் ஒருவர், அன்றாடத் தேவைக்கு அணுகத்தக்க பிறர் என்ற இந்த அடுக்கமைப்பு இரு மரபுக்கும் பொது.

ஆயினும் அடுக்கின் உட்பொருள் நேர்மாறானது. கத்தோலிக்கப் புனிதர் வேண்டுதலை இறைவனிடம் எடுத்துச் செல்பவர், தருபவர் இறைவனே. பௌத்தத் தெய்வமோ தானே தருவது. ஆனால் அது பிறவிச் சுழலுக்கு உட்பட்டது. கேட்டதைத் தரமாட்டாத புத்தர், தரவல்ல தெய்வங்களினும் உயர்ந்தவராக நிற்கிறார். ஒற்றுமை அடுக்கில், வேற்றுமை அடுக்கை இயக்கும் காரணத்தில். இவ்விரண்டையும் சேர்த்துக் கூறுவதே முறையான ஒப்பீடு.

சபரிமலையின் சரணம் விளியையும் இங்குக் குறிப்பிடலாம். குமுளி வழியே செல்லும் தமிழகப் பயணியரின் அந்த விளியைப் பௌத்தத்தின் மும்மைச் சரணத்தோடு இணைத்து, சபரிமலை பௌத்தத் தலமாயிருந்தது என வாதிடுவோர் பலர். சரணம் என்பது வைணவத்துக்கும் சைவத்துக்கும் கிறித்தவக் கீர்த்தனைக்கும் பொதுவான சொல். அதனை மட்டும் கொண்டு சமயத் தோற்றத்தை நிறுவ இயலாது. பயணியர் பலர் ஆலப்புழைக் கடற்கரையின் அர்த்துங்கல் தேவாலயத்துக்கும் சென்று மாலை கழற்றுவர். அதனால் சபரிமலை கிறித்தவம் ஆகிவிடுவதில்லை. பௌத்தச் சரணத்துக்குப் பணியளவில் இணையானது கிறித்தவரின் விசுவாச அறிக்கை: இரண்டும் ஒருவரை அச்சமயத்தவர் ஆக்கும் வாய்மொழிகள். ஆனால் ஒன்று 'அடைகிறேன்' என்னும் செயல்வினை. மற்றொன்று 'நம்புகிறேன்' என்னும் உளவினை. வினைச்சொல்லின் இவ்வேறுபாடு இரு சமயங்களின் வேறுபாட்டைச் சுருக்கமாகக் காட்டுகிறது.

7. துக்கம், பாவம், மறுபிறப்பு: ஒரே சொல், எதிர்ப்பொருள்

கொள்கைச் சொற்களில் மொழிபெயர்ப்பாளர்க்கு மிகுந்த இடர் விளைவிப்பவை மூன்று.

முதலாவது துக்கம். பௌத்தத்தின் நான்கு வாய்மைகளுள் முதலாவது இது. பிறப்பு முதல் எல்லா நிலையிலும் உள்ள நிறைவின்மையைக் குறிப்பது. தமிழில் இச்சொல் 'துக்க வீடு', 'துக்கம் கேட்டல்' எனச் சாவோடு சேர்ந்து சுருங்கிற்று. மலையாளத்திலோ இயேசு சிலுவையில் இறந்த நாள் 'துக்கவெள்ளி' எனப்படுகிறது. தமிழில் அது 'பெரிய வெள்ளி' அல்லது 'புனித வெள்ளி'. இடுக்கியில் மலையாளி துக்கவெள்ளி என்பதை அடுத்த வீட்டுத் தமிழர் புனித வெள்ளி என்கிறார். இருவரும் ஒரே நிகழ்வின் இரு முகங்களைப் பெயரிடுகின்றனர்: ஒருவர் பாட்டை, மற்றவர் அதன் பயனை. கிறித்தவத்தில் துன்பம் மீட்பின் கருவியாகலாம். பௌத்தத்தில் துக்கம் உணர்ந்து அறுக்கப்பட வேண்டியது, எதற்கும் கருவியன்று. 'இரு சமயங்களும் துன்பத்தை மையமாகக் கொண்டவை' என்ற கூற்று இவ்விடத்தில் முழுப்பொருள் மயக்கமாகிறது.

இரண்டாவது பாவம். மலையாளம் இங்குத் தமிழினும் நுட்பமானது. அதில் 'பாபம்' என்பது தீவினை. 'பாவம்' என்பது இரங்கத்தக்க எளியவர். தமிழில் இரண்டும் பாவமே. 'ஐயோ பாவம்' என்பதும் 'பாவம் செய்தான்' என்பதும் ஒரே வடிவம். எல்லைப்பகுதியில் தமிழ் மறைக்கல்வியைக் கேட்கும் மலையாளச் செவிக்கு 'நாம் பாவிகள்' என்பதன் முதற்பொருள் குற்றமா எளிமையா என ஐயம் தோன்றக்கூடும். இதனினும் ஆழமானது சமயப் பொருள் வேறுபாடு. கிறித்தவத்தில் பாவம் இறைவனுக்கு எதிரான மீறல். ஆதலால் மன்னிப்பு என்ற செயலுக்கு இடமுண்டு. பௌத்தத்தில் அது தன் பயனைத் தானே விளைக்கும் செயல். மன்னிப்போர் ஒருவர் இல்லை. பௌத்த நூலைத் தமிழாக்குவோர் 'தீவினை' எனப் பெயர்த்தால் இம்மயக்கம் குறையும்.

மூன்றாவது மறுபிறப்பு. பௌத்தத்தில் இது அறுக்கப்பட வேண்டிய தொடர். அது இனி இல்லை என்பதே பேறு. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் வழக்கில் 'மறுபிறப்பு' என்பது ஆவியால் புதிதாகப் பிறத்தல். அது அடைய வேண்டிய பேறு. ஒருவர் அஞ்சுவதை மற்றவர் வேண்டுகின்றார். இருவர் வாயிலும் சொல் ஒன்றே. இரு சமயங்களையும் ஒப்பிடும் பக்கத்தில் இச்சொல் விளக்கமின்றி வந்தால், வாசகர் தம் சமயப் பொருளையே இரண்டுக்கும் ஏற்றிக்கொள்வர். கிறித்தவப் பொருளுக்குப் 'புதுப்பிறப்பு' என்ற வடிவம் உள்ளது. ஒப்பீட்டு நூல்களிலேனும் அதனைக் கொள்வது நலம்.

8. இருவகைச் சொல்லாக்கம்

இம்மயக்கங்கள் எதனால் விளைந்தன? இரு சமயங்களும் தமிழில் சொல்லாக்கிய முறையை நோக்கினால் விடை கிடைக்கும். மணிமேகலை பௌத்தத்தின் நுண்கருத்துகளைப் பெரும்பாலும் தமிழ் வேர்களிலிருந்து ஆக்கிக்கொண்டது. அவிச்சை என்பதற்குப் பேதைமை, ஸ்பரிசம் என்பதற்கு ஊறு, வேதனை என்பதற்கு நுகர்வு, திருஷ்ணை என்பதற்கு வேட்கை, உபாதானம் என்பதற்குப் பற்று என வந்த இணைகள் இதற்குச் சான்று. இவற்றுள் 'வேதனை' என்பதை அப்படியே வைத்திருந்தால், இன்றைய வாசகர் அதனை வலி என்றே கொண்டிருப்பர். 'நுகர்வு' என்ற பெயர்ப்பு இன்பமும் துன்பமும் அடங்க நிற்கிறது. காப்பியத் தலைவி பல சமயத்தார் கொள்கைகளைக் கேட்ட வஞ்சி சேரநாட்டது என்பதும், தமிழின் முதற் சமய ஒப்பீட்டுக் களம் அதுவே என்பதும் நினையத்தக்கன. அவள் கேட்டவை ஒவ்வொன்றும் அவ்வச் சமயத்தின் சொற்களிலேயே கூறப்படுகின்றன.

கிறித்தவம் வந்தபோது சைவ, வைணவச் சொற்கள் வழக்கில் ஓங்கியிருந்தன. அன்றிக் அன்றீக்கசு 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' கடவுளுக்குத் 'தம்பிரான்' என்ற சொல்லை ஆண்டது. மலையாளக் கிறித்தவர் பேச்சில் 'தம்புரான்' இன்றும் வாழ்கிறது. தமிழ்க் கிறித்தவத்தில் அது வழக்கொழிந்தது. நொபிலி மரபில் 'சர்வேசுரன்', சீகன்பால்கு மரபில் 'பராபரன்', பின்னர்த் 'தேவன்', 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'கடவுள்' என மாறிய வரலாறு, ஒவ்வொரு தேர்விலும் முன்னைச் சமயப் பொருள் ஒட்டிக்கொண்டு வந்ததைக் காட்டுகிறது. 'வேதம்' என்ற சொல் விவிலியத்தைக் குறிக்கலாயிற்று. கிறித்தவர் 'வேதக்காரர்' எனப்பட்டனர்.

இச்சூழலில் அயோத்திதாசர் (1845–1914) செய்தது குறிப்பிடத்தக்கது. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர், புத்தர் மொழியை 'ஆதிவேதம்' என்று பெயரிட்டார். வேதம் என்ற சொல்லுக்கு வைதிகர், கிறித்தவர் ஆகிய இருவருக்கும் முன்னர்ப் பௌத்தர்க்கே உரிமை என்பது அப்பெயரின் உட்கிடை. அதனை வெறும் சொல்விளையாட்டு எனத் தள்ளுவது பொருந்தாது. சொல்லுக்கான உரிமை சமூக மதிப்புக்கான உரிமையாகவும் இருந்தது. ஆயினும் மொழிபெயர்ப்பு நோக்கில், பிறர் பொருள் ஏறிய சொல்லை மீட்பது பழைய மயக்கத்தையும் உடன் மீட்பதாகவே முடிந்தது.

அம்பேத்கர் வேறு வழியைக் கொண்டார். 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய அவருடைய, 1957இல் வெளிவந்த நூல், தம்மத்தைச் சமயம் என்ற பொதுச்சொல்லினின்றும் பிரித்துக் காட்டுகிறது. புத்தர் வீடு தருபவர் அல்லர், வழி காட்டுபவர் என்ற வேறுபாட்டையும் வற்புறுத்துகிறது. அந்நூலைச் சார்ந்த தமிழ் எழுத்தில் 'தருமம்' என்பதற்கு மாறாகத் 'தம்மம்' என்ற பாலி வடிவம் நிலைபெற்றது. தருமம் தமிழில் பிச்சை என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டமையால் இத்தேர்வு பொருத்தமுடையதே. 'சங்கம்' என்பதைத் 'திருச்சபை' எனப் பெயர்க்காமையும் இவ்வாறே சரியானது: திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற அனைவரும் அடங்குவர், சங்கம் அதன் நெருங்கிய பொருளில் துறவியர் கூட்டம்.

9. ஒரு பெயரின் பயணம்

சொல் பெயரும்போது பொருள் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு உலக இலக்கியத்தில் ஒரு சான்று உண்டு. புத்தரின் வாழ்க்கைக் கதை நடு ஆசியா வழியே அரபுக்கும், அங்கிருந்து ஜார்ஜிய மொழிக்கும், பின் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் சென்று, பர்லாம், யோசபாத்து என்னும் இரு கிறித்தவப் புனிதரின் கதையாயிற்று. 'போதிசத்துவ' என்ற பட்டம் அரபில் 'பூதாசப்' ஆகி, எழுத்தின் புள்ளி ஒன்று கூடியதால் 'யூதாசப்' எனப் படிக்கப்பட்டு, இறுதியில் 'யோசபாத்து' ஆயிற்று. உரோமையின் பழைய புனிதர் பட்டியலில் நவம்பர் 27 அவர்க்குரிய நாள்.

இக்கதையைக் கொண்டு 'கிறித்தவம் புத்தரை வணங்கியது' என மகிழ்வோர் உளர். உண்மையில் கதையின் எலும்புக்கூடே சென்றது: அரண்மனை, நோயும் முதுமையும் சாவும் காணல், துறவு. அவற்றின் முடிவு மாறிவிட்டது. இளவரசன் தானே விழிப்புறுவதில்லை, ஒரு துறவியிடம் நற்செய்தி கேட்டுத் திருமுழுக்குப் பெறுகிறான். பெயர் சென்றது, கதை சென்றது, கொள்கை செல்லவில்லை. பள்ளி என்ற சொல் கேரளத்தில் எதனைச் செய்ததோ அதனையே இப்பெயர் ஐரோப்பாவில் செய்தது.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று வகைகள் பெறப்படுகின்றன. சொல் ஒன்றாயினும் அது ஆட்சியின் வகைப்பாட்டையே குறித்து, வழிபாட்டின் உள்ளடக்கத்தைக் குறியாதவை: பள்ளி. சொல் ஒன்றாகச் செயலும் கொள்கையும் வேறானவை: பூசை, செபம், துக்கம், பாவம், மறுபிறப்பு. சொல் வேறாக அமைப்பு ஒத்தவை: ஆராதனை, வணக்கம் என்ற கிறித்தவ அடுக்கும், புத்தர், தெய்வம் என்ற பௌத்த அடுக்கும். பௌத்த–கிறித்தவ ஒப்பீட்டை மேற்கொள்வோர் தாம் காட்டும் ஒற்றுமை இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதிலிருந்து நடைமுறையில் சில பெறப்படும். தமிழ், மலையாளம் ஆகிய இரண்டுக்கும் பொதுவான சமயச் சொல்லை ஒலியொப்புமை பற்றி அப்படியே பெயர்த்தல் கூடாது. எல்லைப்பகுதிப் பாடநூல், நில ஆவணம், வழிபாட்டு நூல் ஆகியவற்றில் 'பள்ளி', 'பாவம்' போன்றவற்றுக்கு ஒவ்வோரிடத்தும் பொருள் நோக்கிச் சொல் தெரிதல் வேண்டும். பௌத்த நூல்களைத் தமிழாக்குவோர் கிறித்தவ வழக்கில் ஊறிய சொற்களை விலக்கி, மணிமேகலை காட்டிய தமிழ்ச் சொற்களையோ, தம்மம், பிரித், விகாரை போன்று நிலைபெற்ற பாலி வழி வடிவங்களையோ கொள்வது தக்கது.

இது தூய்மை வேண்டும் ஆசையால் கூறப்படுவதன்று. தோட்டக் குடியிருப்பில் பிறந்து, வீட்டில் தமிழும் கல்விக்கூடத்தில் மலையாளமும் கேட்டு வளரும் ஒரு மாணவர் இவ்விரு சமயங்களைப் பற்றியும் படித்தறிவது இத்தகைய சொற்களின் வழியேதான். ஒருவர் வீடுபேறு என்பதை மற்றவர் பிறப்பு என்றும், ஒருவர் மன்னிப்பு எதிர்பார்ப்பதை மற்றவர் வினைப்பயன் என்றும் கொள்ளும் இடத்தில், 'இரண்டும் ஒன்றே' என்பது இருவரையும் மதிப்பதாகாது. இருவர் கூற்றையும் கேளாமல் விடுவதாகும். கிறித்தவத்தில் வழியே ஓர் ஆள். பௌத்தத்தில் ஆள் ஒருவர் வழியைக் காட்டி விலகுகிறார். இவ்வேறுபாட்டைத் தமிழில் தெளிவாகச் சொல்லும் வரை, இரண்டுக்கும் இடையே உண்மையாகவே உள்ள ஒற்றுமைகளையும் நாம் அறிந்தவர் ஆகோம்.